பல்கலைக்கழகத்துக்கு ஒரு டைரக்டரி: மென்பொருளை நிறுவும் முன் தீர்மானிக்க வேண்டியவை

ஒரு மாணவர் மின்னஞ்சலுக்கு ஒரு கடவுச்சொல், நூலகத்துக்கு இன்னொன்று, தேர்வுப் பிரிவின் தளத்துக்கு மற்றொன்று, விடுதி வைஃபைக்கு வேறொன்று என்று வைத்திருந்தால், "இவர் யார்" என்ற கேள்விக்கு நான்கு அலுவலகங்களும் தனித்தனி விடையை வைத்திருக்கின்றன என்று பொருள். அந்த விடையை ஓரிடத்தில் சேர்த்துவைத்து, கேட்கும் சேவைகளுக்கெல்லாம் அங்கிருந்தே வழங்குவதுதான் டைரக்டரி சேவை. இதற்கான நெறிமுறையாகிய எல்டாப், 1990-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில், எக்ஸ்.500 என்னும் கனமான டைரக்டரித் தரத்தை எளிதாக அணுகும் வழியாக உருவானது. ஓப்பன்எல்டாப் போன்ற கட்டற்ற மென்பொருளை ஒரே பிற்பகலில் நிறுவிவிடலாம். எந்தத் தரவை எந்த வடிவில் வைப்பது என்ற முடிவுகளுக்குத்தான் மாதங்கள் ஆகும். கீழே வருபவை அந்த முடிவுகள்.

படி 1: தரவு பிறக்கும் இடத்தைக் குறியுங்கள்

ஒரு விரிதாளைத் திறந்து, பெயர், பிறந்த தேதி, துறை, பதவி, படிப்பு, கைபேசி எண் ஆகிய ஒவ்வொன்றுக்கும் எதிரே, அதைத் திருத்தும் உரிமை எந்த அலுவலகத்துக்கு உண்டு என்று எழுதுங்கள். மாணவரின் பெயர் சேர்க்கைப் பிரிவுக்கும், ஆசிரியரின் பதவி பணியாளர் பிரிவுக்கும் உரியது. டைரக்டரி அவற்றை வாங்கி வைக்குமே தவிர, தானாக மாற்றாது. வருகைப் பேராசிரியர்களும் ஒப்பந்தப் பணியாளர்களும் பெரும்பாலும் எந்தப் பதிவேட்டிலும் முழுமையாக இருப்பதில்லை. அவர்களுக்குப் பொறுப்பேற்கும் துறையையும் கணக்கு முடியும் தேதியையும் கட்டாயமாக்குங்கள்.

படி 2: மாறாத ஓர் எண்ணைக் கொடுங்கள்

எல்லாவற்றிலும் முக்கியமான முடிவு இதுவே. பதிவு எண் கையில் இருக்கும்போது புதிய எண் எதற்கு என்று எவருக்கும் தோன்றும். ஒருவர் அதே பல்கலைக்கழகத்தில் இளநிலை, முதுநிலை, முனைவர் பட்டம் என்று படித்து, பின்பு உதவிப் பேராசிரியராகவும் சேர்ந்தால், மூன்று பதிவு எண்களும் ஒரு பணியாளர் எண்ணுமாக நான்கு மனிதர்கள் ஆகிவிடுகிறார். மின்னஞ்சல் முகவரியும் இதற்கு உதவாது; பெயர் மாறினால் அதுவும் மாறும். எனவே ஆண்டு, துறை, படிப்பு என எந்தப் பொருளும் ஏற்றப்படாத வெறும் எண் ஒன்றை முதல் நாளிலேயே வழங்குங்கள். அவர் விலகிய பிறகும் அதை வேறொருவருக்குக் கொடுக்காதீர்கள். பழைய எண்களையெல்லாம் அதனுடன் ஓர் அட்டவணையில் இணைத்துவைக்கலாம். ஆதார் எண்ணை இந்த இடத்தில் வைக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. கசிந்தால் பாதிப்பு பல்கலைக்கழகத்தின் எல்லைக்குள் நிற்காது.

பழைய பதிவேடுகளைச் சேர்க்கும்போது, பெயரும் பிறந்த தேதியும் ஒத்துப்போகும் பதிவுகளை நிரல் எடுத்துக் காட்டட்டும். ஐயமானவற்றை ஒரு மனிதர் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். ஒருவர் இரண்டு பேராக நிற்பது தொல்லை. இரண்டு பேர் ஒருவராகிவிட்டால் ஒருவரின் மதிப்பெண் மற்றவரின் திரையில் தெரியும்.

படி 3: தரவுப் புலங்களுக்குப் புதுப் பெயர் சூட்டாதீர்கள்

பொதுவான விவரங்களுக்கு 2000-இல் வெளியான ஐநெட்-ஆர்க்-பெர்சன் என்ற தரம் இருக்கிறது. கல்வி நிறுவனங்களுக்கென்று இன்டர்நெட்2, எஜுகாஸ் அமைப்புகள் 2001-இல் எடுபெர்சன் தரத்தை வெளியிட்டன. இப்போது அதை, கல்வி நிறுவனங்களின் அடையாளக் கூட்டமைப்புகளுக்கான உலகளாவிய குழுவாகிய ரெஃபெட்ஸ் பராமரிக்கிறது. இவற்றில் உள்ள பெயர்களையே பயன்படுத்தினால், பின்னாளில் வாங்கும் எந்தச் சேவையும் உங்கள் தரவைப் புரிந்துகொள்ளும்.

நம் பெயர்களுக்கு மட்டும் இங்கே ஒரு சிக்கல் உண்டு. ஐநெட்-ஆர்க்-பெர்சன் தரத்தின்படி முழுப்பெயருக்கான சிஎன், குடும்பப்பெயருக்கான எஸ்என் இரண்டும் கட்டாயம். க. மலர்விழி என்பவருக்குக் குடும்பப்பெயர் கிடையாது. எஸ்என் புலத்தில் 'க' என்று இட்டால் அகரவரிசைப் பட்டியல் குலைகிறது. தந்தையின் பெயரை இட்டால் கடிதங்கள் அவளைத் தந்தையின் பெயரால் அழைக்கின்றன. சான்றிதழில் உள்ள வடிவத்தைச் சிஎன் புலத்திலும் திரையில் காட்டும் பெயரிலும் வைத்து, எஸ்என் புலத்தில் அவளுடைய சொந்தப் பெயரையே மீண்டும் இடுவதைப் பரிந்துரைக்கிறேன். எந்த விதியானாலும் எழுதிவைத்து, அதை எல்லோருக்கும் ஒன்றுபோலவே பின்பற்றுங்கள். எல்டாப் மூன்றாம் பதிப்பு யூனிகோடை ஏற்கிறது. 2004-இல் வந்த மொழிக்குறித் தரத்தை உங்கள் மென்பொருள் ஆதரித்தால், ஆங்கில எழுத்துவடிவத்துக்கு அருகிலேயே தமிழ் வடிவத்தையும் தனிக் குறியுடன் வைக்கலாம். தன் பெயரைத் தன் எழுத்தில் காண்பது ஒரு மாணவருக்குச் சிறிய செய்தியல்ல.

படி 4: நிறுவனத்துடன் உள்ள உறவு

எடுபெர்சனில் இதற்கு எட்டு மதிப்புகள் உள்ளன: மாணவர், ஆசிரியர், அலுவலர், ஊழியர், உறுப்பினர், முன்னாள் மாணவர், தொடர்புடையவர், நூலகத்துக்கு நேரில் வருபவர். பாடம் நடத்தும் ஆய்வு மாணவருக்கு மாணவர், ஆசிரியர், உறுப்பினர் ஆகிய மூன்றும் சேர்ந்தே பொருந்தலாம். முன்னாள் மாணவர் என்பதாலேயே ஒருவர் உறுப்பினர் ஆகிவிடுவதில்லை. இந்த வேறுபாடு தவறினால், நூலகம் விலை கொடுத்து வாங்கிய இதழ்கள் உரிமம் இல்லாதவர்களுக்கும் திறந்துவிடும்.

படி 5: மரத்தைத் தட்டையாக வையுங்கள்

டைரக்டரி தன் பதிவுகளை ஒரு மரத்தின் கிளைகள்போல அடுக்கிவைக்கிறது. துறைக்கு ஒரு கிளை என்று அமைத்தால், துறை மாறும் ஒவ்வொருவருக்கும் டைரக்டரிக்குள் உள்ள முகவரி மாறும். எல்லோரையும் ஒரே கிளையில் வைத்து, துறையை ஒரு புலமாக எழுதுங்கள்.

படி 6: வெளியே கொடுப்பதைக் குறையுங்கள்

எல்டாப் இணைப்பை மறையாக்கம் இல்லாமல் திறந்துவிடாதீர்கள். தொடக்கத்திலிருந்தே மறையாக்கத்துடன் இயங்கும் 636-ஆம் போர்ட்டையோ, சாதாரண இணைப்பை மறையாக்கத்துக்கு மாற்றும் ஸ்டார்ட்-டிஎல்எஸ் முறையையோ கட்டாயமாக்குங்கள். வெளிச் சேவைகளை நேரடியாக டைரக்டரியுடன் இணைக்காமல், ஒருவரின் உள்நுழைவை வேறு சேவைக்கு உறுதிசெய்து சொல்லும், 2005-இல் வந்த சாம்ல் 2.0 தரத்தின்படி ஷிப்பொலெத் போன்ற மென்பொருள் வழியாக இணைக்கலாம். இந்தியாவில் பல்கலைக்கழக நூலகங்களுக்கான மையமாகிய இன்ஃப்ளிப்நெட்டின் இன்ஃபெட், இலங்கையில் கல்வி, ஆய்வு வலையமைப்பாகிய லேர்ன் நடத்தும் லையாஃப் ஆகிய, பல நிறுவனங்களின் உள்நுழைவைப் பொதுவாக ஏற்கும் கூட்டமைப்புகள் இந்த வழியில்தான் இயங்குகின்றன. இதழ் வெளியீட்டாளருக்கு "இவர் எங்கள் உறுப்பினர்" என்ற செய்தியும், அந்தச் சேவைக்கென்று உருவாக்கிய மறைபெயரும் போதும். பெயரும் கைபேசி எண்ணும் வேண்டியதில்லை. இலங்கையில் 2022-லும் இந்தியாவில் 2023-லும் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டங்கள் இயற்றப்பட்டிருப்பதால், எந்தச் சேவைக்கு எதை, எதற்காகக் கொடுக்கிறோம் என்பதை எழுதிவைப்பது அவசியமாகிறது.

படி 7: ஒரு துறையில் சோதியுங்கள்

ஒரே துறையையும் நூலகச் சேவை ஒன்றையும் மட்டும் முதலில் இணையுங்கள். பின்பு மூன்று சோதனைக் கணக்குகளை உருவாக்கி, ஒருவரின் பெயரை மாற்றுங்கள். இன்னொருவரை முதுநிலையிலிருந்து ஆய்வுப் படிப்புக்கு நகர்த்துங்கள். மூன்றாமவரைப் படிப்பு முடித்தவராக்குங்கள். முதல் இருவரின் எண் மாறாமல் அணுகலும் தொடர வேண்டும். மூன்றாமவரின் எண் டைரக்டரியில் அப்படியே இருக்க, நூலக அணுகல் அன்றைக்கே நின்றிருக்க வேண்டும். அப்படி நிற்கவில்லையென்றால் அடுத்த துறையைச் சேர்க்காதீர்கள்.