மாஸுக்குள் ஒளிந்திருக்கும் காடிஸ் லார்வாவை அடையாளம் காண்பது எப்படி?

ஓடும் ஆற்றில் பாறையைப் போர்த்திக்கொண்டு வளருமே, குட்டி இலைகளும் தண்டுமாக, அந்த மாஸைத்தான் சொல்கிறேன். வழுக்கும் பச்சைப் பாசி வேறு. காடிஸ் என்பது அந்துப்பூச்சி போன்ற ஒரு பூச்சி. அதன் லார்வா, அதாவது புழுப்பருவம், தண்ணீரில் வாழும். சில வகை லார்வாக்கள் தங்களைச் சுற்றிக் கூடு கட்டிக்கொண்டு அதற்குள்ளேயே இருக்கும். மாஸில் ஒரு கொத்துக்குள் பல வகைக் காடிஸ் லார்வாக்கள் சேர்ந்தே இருக்கும். எது எந்தக் குடும்பம் என்று பிரிக்க எனக்குப் பல வாரங்கள் பிடித்தன. அந்த வழி இது.

1. நீரோட்டம் போகும் பக்கம் வலையைப் பிடித்துக்கொண்டு, உள்ளங்கை அளவு மட்டும் பிய்த்தெடுங்கள். மாஸ் மெதுவாகத்தான் திரும்ப வளரும். அதற்கு மேல் வேண்டாம்.

2. வெள்ளைத் தட்டில் ஆற்றுநீர் ஊற்றி, கொத்தைப் பிரித்துப் போட்டுக் காத்திருங்கள். கூடு கட்டியவை தாமதமாகத்தான் நகரும். பிடிக்க எனக்குப் பிடித்தது நுனி வெட்டிய பிளாஸ்டிக் சொட்டுக்குழாய். கடினமான இடுக்கி வயிற்றை நசுக்கிவிடும்.

3. காடிஸ்தானா? தலைக்குப் பின்னால் மூன்று ஜோடி மூட்டுக்கால்கள், மென்மையான வயிறு, வால் நுனியில் இரண்டு சதைக்கால்கள், ஒவ்வொன்றிலும் ஒரு கொக்கி. மூட்டுக்கால் இல்லாவிட்டால் அது காடிஸ் இல்லை. பெரும்பாலும் ஈ, கொசு இனத்துப் புழுவாக இருக்கும். உடம்பு முழுக்க ஓடு போல இறுகியிருந்தால் வண்டின் லார்வா.

4. இனிதான் முக்கியம்: மார்பின் மூன்று கண்டங்களில் எத்தனையின் முதுகில் கெட்டியான தகடு இருக்கிறது?

நான் தடுமாறியது இங்கேதான். கூட்டை வைத்தே முடிவு செய்துகொண்டிருந்தேன். ஆனால் பிடிக்கும்போது சில லார்வாக்கள் கூட்டை விட்டு வெளியே வந்துவிடும். தகடு அப்படிக் கழன்று போகாது. ஆனால் புதிதாகத் தோலுரித்த லார்வாவில் அது வெளிறிப்போய்க் கண்ணுக்கே தெரியாது. மேலிருந்து விழும் வெளிச்சத்தை அணைத்துவிட்டு, பக்கவாட்டில் தாழ்வாக ஒரு விளக்கு வையுங்கள். தகட்டின் விளிம்பு நிழலாகத் தெரியும். இதற்கு ஸ்டீரியோ மைக்ராஸ்கோப்தான் சரி. கைலென்ஸ் ஆற்றங்கரையில் பிரித்து வைக்க மட்டும்.

மூன்றிலும் தகடு, வயிற்றின் அடியில் கிளைவிட்ட செவுள்கள், வால் நுனியில் முடிக்குச்சம் என்றால் ஹைட்ரோசைக்கிடே, வலை பின்னுபவை. மூன்றிலும் தகடு, செவுள் இல்லை, சில மில்லிமீட்டரே நீளம், வயிறு உப்பியிருக்கிறது என்றால் ஹைட்ரோப்டிலிடே.

முதல் கண்டத்தில் மட்டும் தகடு, கூடும் இல்லையா? வாயின் மேலுதட்டைப் பாருங்கள். வெள்ளையாக, மென்மையாக, ஆங்கில T எழுத்து வடிவில் விரிந்திருந்தால் ஃபிலோபொடாமிடே. அப்படி இல்லாமல், வயிற்றின் ஒன்பதாம் கண்டத்து முதுகில் சின்னத் தகடு இருந்தால் ரையகோஃபிலா என்ற பேரினம், வேட்டையாடுபவை. அந்த T வடிவ உதடு, மாதிரியை ஆல்கஹாலில் போட்டதும் உள்ளிழுத்துக்கொள்ளும் என்பதால் உயிரோடு இருக்கும்போதே பார்த்துவிடுங்கள்.

மெல்லிய குழல் கூட்டுக்குள், வயிற்றின் முதல் கண்டத்தில் திமில் எதுவுமே இல்லாமல் இருப்பவை பெரும்பாலும் மைக்ரசீமா என்ற பேரினம். இவை மாஸையே தின்னும், அதன் துணுக்குகளைக் கூட்டிலும் சேர்க்கும். எனக்கு மிகவும் பிடித்தவை இவைதான்.

பிற்சேர்க்கை: "மூன்று தகடு இருக்கிறது, செவுளும் இல்லை, கூடும் இல்லை, இது என்ன?" என்று சிலர் கேட்டிருந்தீர்கள். ஹைட்ரோப்டிலிடே தன் ஐந்து லார்வாப் பருவங்களில் (ஒவ்வொரு தோலுரிப்புக்கும் இடைப்பட்ட காலம் ஒரு பருவம்) கடைசிப் பருவத்தில்தான் கூடு கட்டும். ஹைட்ரோசைக்கிடேவின் முதல் பருவத்துக்கோ செவுளே இருக்காது. அவ்வளவு சின்னதை வைத்து முடிவு சொல்லாதீர்கள். அதே கொத்தில் பெரியதைத் தேடுங்கள்.

இன்னொன்று, மாதிரியை 80% ஆல்கஹாலில் போட்டால் மறுநாளே அந்த ஆல்கஹாலை மாற்றுங்கள். மாஸ் தேக்கி வைத்த தண்ணீர் அதை நீர்த்துப்போகச் செய்யும். பச்சை நிறமும் வெளுத்துவிடும். அதனால் முதலில் ஒரு படம் எடுத்துவிட்டு அப்புறம் போடுங்கள்.