கப்பலில் ஒரு செமஸ்டர் படிக்கப் புறப்படும் நெல்லைப் பிள்ளைகளுக்கு

திருநெல்வேலியிலும் பாளையங்கோட்டையிலும் பள்ளிப் படிப்பை முடித்து வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் சேரும் பிள்ளைகளில் பலருக்கு, ஒரு செமஸ்டர் முழுவதையும் கப்பலிலேயே படிக்கலாம் என்பது அங்கே போய்ச் சேர்ந்த பிறகுதான் தெரியவருகிறது. இவ்வகையில் பெயர்பெற்றது அமெரிக்காவிலிருந்து நடத்தப்படும் ‘செமஸ்டர் அட் சீ’ திட்டம். 1963-ல் வேறொரு பெயரில் தொடங்கி, கப்பல்கள் பல மாறி, 2015 முதல் ‘வேர்ல்ட் ஒடிசி’ என்ற கப்பலில் நடந்துவருகிறது. பயணம் சுமார் 100 நாள் நீளும். கப்பல் கடலில் ஓடும் நாள்களில் வகுப்பு நடக்கும். துறைமுகத்தில் நிற்கும் நாள்களில் வகுப்பு கிடையாது. இந்த ஒரு விதியை மனத்தில் இருத்திக்கொண்டால் மற்ற ஏற்பாடுகள் பலவும் எளிதாகிவிடும். கடல் நாள்தான் கல்லூரி. அங்கே முடிக்காத வேலையைக் கரையில் இறங்கிய பிறகு முடித்துக்கொள்ளலாம் என்று எண்ணியவர்களுக்குப் படிப்பும் கெடும், ஊர் பார்ப்பதும் கெடும்.

புறப்படுமுன் முதலில் கவனிக்க வேண்டியது பாஸ்போர்ட். அமெரிக்க மாணவர்கள் விசா இல்லாமலே இறங்கும் பல நாடுகளுக்கு இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு முன்கூட்டியே விசா வாங்க வேண்டியிருக்கும் என்பதால், உடன் வருபவர்களுக்குச் சொல்லப்படும் பட்டியலை அப்படியே பின்பற்றினால் போதாது; கப்பல் தொடும் ஒவ்வொரு நாட்டின் தூதரகத் தளத்தையும் நீங்களே பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். ஒரு தூதரகத்தில் பாஸ்போர்ட் இருக்கும்போது இன்னொன்றுக்கு விண்ணப்பிக்க முடியாது. ஆகவே மாதக்கணக்கில் முன்னதாகத் தொடங்குங்கள். விடுமுறையில் ஊருக்கு வரும்போதே திருநெல்வேலி பாஸ்போர்ட் சேவை மையத்தில் புதுப்பித்துக்கொள்வது நல்லது. அப்போது 36 பக்கப் புத்தகத்துக்குப் பதிலாக 60 பக்கப் புத்தகம் கேளுங்கள். பயணம் முடிந்த பிறகும் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாகும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

கானா போன்ற நாடுகள் வழியில் இருந்தால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் கட்டாயம். அரசு அங்கீகரித்த மையங்களில் மட்டுமே இது போடப்படும். போட்டு 10 நாள் கழிந்த பிறகே சான்றிதழ் செல்லும். 2016 முதல் அது ஆயுள் முழுவதற்கும் செல்லுபடியாகிறது. அந்த மஞ்சள் அட்டையைப் பத்திரமாக வைத்திருங்கள். அந்நாடுகளிலிருந்து இந்தியா திரும்பும்போது அது கையில் இல்லாவிட்டால் விமான நிலையத்திலேயே தனிமைப்படுத்தி வைப்பார்கள்.

பெட்டி கட்டும்போது வீட்டாரின் அன்புக்கும் கப்பலின் விதிக்கும் இடையே சிறிது இழுபறி வரும். கப்பலில் யாவரும் அஞ்சுவது தீயைத்தான். ஆகவே வெந்நீர்க் கெட்டில், தண்ணீர் சூடாக்கும் கம்பிச்சுருள், இஸ்திரிப் பெட்டி, சின்ன ரைஸ் குக்கர் ஆகிய எதையும் அறையில் வைத்துக்கொள்ள விட மாட்டார்கள். கற்பூரமும் ஊதுபத்தியும் கூடாது. திருச்செந்தூர் இலை விபூதியை மட்டும் எடுத்துப் போனால் யாரும் தடுக்கப்போவதில்லை. தின்பதற்கு இட்லிப் பொடி, பருப்புப் பொடி, கோவில்பட்டிக் கடலை மிட்டாய் போன்ற உலர்ந்த பண்டங்களைக் கடையில் வாங்கிய மூடிய பொட்டலமாகவே கொண்டுபோங்கள். கப்பல் சாப்பாட்டில் சோறும் காய்கறியும் கிடைத்தாலும் காரம் கிடைப்பது அரிது. சைவர்களுக்கு அந்தப் பொடி டப்பா பல நாள் துணையிருக்கும். ஆனால் உணவுப் பண்டம் எதையும், கப்பலில் எடுத்த ஒரு ஆப்பிளைக்கூட, கரைக்குக் கொண்டு இறங்காதீர்கள். பல நாடுகளில் அதற்கு அபராதம் உண்டு.

கடல்மயக்கத்துக்குத் தயாராவதை நம்மூரிலேயே தொடங்கலாம். உடல் அசைவதைக் காதின் உட்பகுதி உணர்கிறது. நான்கு சுவருக்குள் இருக்கும் கண்ணோ எதுவும் அசையவில்லை என்கிறது. இந்த முரண்பாடே குமட்டலுக்குக் காரணம். பாபநாசத்திலிருந்து காரையாறு ஏறும் பேருந்திலோ, செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு போகும் மலைச்சாலையிலோ உங்களுக்குத் தலை சுற்றுமானால் கப்பலிலும் சுற்றும் என்று எதிர்பார்க்கலாம். மருத்துவரைக் கேட்டு ஒரு மாத்திரையைத் தெரிந்தெடுத்து, அதே மலைப்பாதையில் ஒருமுறை போட்டுப் பாருங்கள். சிலருக்கு அது கடுமையான தூக்கத்தைத் தரும். வகுப்பு நடக்கும் நாளில் அதை முதன்முதலாகத் தெரிந்துகொள்வது நல்லதன்று. குமட்டல் தொடங்கிய பிறகு விழுங்குவதில் பயன் குறைவு. கடல் கொந்தளிக்கும் என்று அறிவித்ததுமே போட்டுவிட வேண்டும். சுக்கும் கருப்பட்டியும் இடித்த உருண்டை பலருக்குக் கைகொடுக்கிறது. அறை ஒதுக்கீட்டில் விருப்பம் கேட்டால் கீழ்த்தளத்தில், கப்பலின் நடுப்பகுதியில் கேளுங்கள். ஆட்டம் அங்கேதான் குறைவு. வயிறு புரட்டும்போது புத்தகத்தையும் திரையையும் மூடிவிட்டு மேல்தளத்துக்குப் போய்த் தொடுவானத்தைப் பார்த்தபடி நில்லுங்கள்.

கப்பல் ஏறியதும் முதல் வேலை பாதுகாப்பு ஒத்திகை. ஏழு குறுகிய ஒலிகளும் அதைத் தொடர்ந்து ஒரு நீண்ட ஒலியும் கேட்டால், உயிர்காப்பு அங்கியுடன் உங்களுக்குக் குறித்த இடத்தில் கூட வேண்டும். அறையிலிருந்து அந்த இடத்துக்கு இரண்டு வழிகளில் நடந்து பார்த்து, விளக்கு அணைந்தாலும் போகும் அளவுக்குப் பழகிக்கொள்ளுங்கள். நடக்கும்போது ஒரு கை எப்போதும் கைப்பிடிக் கம்பிக்காகக் காலியாக இருக்கட்டும். சன்னல் இல்லாத உள்ளறையில் விடியலே தெரியாது என்பதால் அலாரம் அவசியம். சாப்பிடப் போகுமுன் சோப்புப் போட்டுக் கை கழுவுவதை விட்டுவிடாதீர்கள். கப்பலில் பரவும் நோரோ வைரஸ் வயிற்றுப்போக்குக்குக் கைகளில் தேய்க்கும் சானிடைசர் அவ்வளவாகக் கேட்காது.

பாடங்களை இரண்டு பிரிவாக்கி, ஒரு கடல் நாளில் ஒரு பிரிவு, அடுத்த கடல் நாளில் மற்றது என்று மாற்றி மாற்றி வகுப்பு நடத்துவார்கள். திங்கள், செவ்வாய் என்ற கணக்கு அங்கே மறந்துவிடும். இன்று எந்த வகுப்பு நாள், அடுத்த துறைமுகத்துக்கு இன்னும் எத்தனை நாள் என்பவை மட்டுமே நினைவில் நிற்கும். கடல் ஆடும்போது மேசைமேல் வைத்த பேனா ஓரத்துக்கு உருண்டு போய் மீண்டும் திரும்பி வரும். ஆசிரியர் ஒரு கையால் மேசையைப் பிடித்தபடியே பாடம் நடத்துவார். மேற்கு நோக்கிப் போனால் அவ்வப்போது கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னே தள்ளுவார்கள், கூடுதல் தூக்கம் கிடைக்கும். கிழக்கு நோக்கிப் போனால் அந்த மணி நேரம் உங்கள் தூக்கத்திலிருந்தே கழியும். கிழக்குப் பயணமானால் கட்டுரையை இரவு வெகுநேரம் விழித்து எழுதும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். நடுக்கடலில் இணையத்தை நம்ப வேண்டாம். பாடநூல்கள், கட்டுரைகள், அகராதி அனைத்தையும் கரையில் இருக்கும்போதே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கடல் நாளை எப்படிப் பயன்படுத்துவது என்பதற்கு மொரிஷியஸை எடுத்துக்கொள்வோம். போர்ட் லூயியில் இறங்கி, கடற்கரை ஒன்றைப் பார்த்துப் படம் எடுத்துத் திரும்பிவிடலாம். பலரும் அதைத்தான் செய்கிறார்கள். ஆனால் அதற்கு முந்தைய கடல் நாள்களில், 1834 முதல் ஒப்பந்தக் கூலிகளாக இந்தியர்கள் அத்தீவுக்குக் கொண்டுபோகப்பட்ட வரலாற்றைப் படித்திருந்தால், அவர்கள் வந்து இறங்கிய ‘ஆப்ரவாசி காட்’ துறைமுகத்துக்கு அருகிலேயே இருப்பதும், 2006-ல் அது உலக மரபுச் சின்னமானதும் தெரிந்திருக்கும். கடையில் மீதிச் சில்லறையாக வரும் ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து இருப்பதும், தைப்பூசக் காவடிக்கு அங்கே அரசு விடுமுறை விடப்படுவதும் ஏன் என்பது அப்போது விளங்கும். அங்குள்ள கோயிலில் ஒரு பெரியவரிடம் கேட்பதற்கு நல்ல கேள்விகள் நான்கை முன்பே எழுதி எடுத்துப் போங்கள். ஒவ்வொரு பாடத்துக்கும் துறைமுகத்தில் ஒரு களவகுப்பு உண்டு, அதற்கு மதிப்பெண்ணும் உண்டு. இப்படித் தயாரானவரின் கட்டுரையில் சரக்கு இருக்கும்.

தூத்துக்குடியைப் பற்றியும் உடன் படிப்பவர்கள் கேட்பார்கள். ஒட்டப்பிடாரத்தில் பிறந்த வ.உ.சிதம்பரனார் 1906-ல் சுதேசி நாவாய்ச் சங்கம் தொடங்கி, தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே வெள்ளையர் கப்பல்களுக்குப் போட்டியாகக் கப்பல் விட்டதை அவர்களுக்குச் சொல்லுங்கள். கப்பலில் படிக்க வந்திருப்பவர்களுக்கு நம் சீமையிலிருந்து சொல்ல இதைவிடப் பொருத்தமான செய்தி கிடையாது என்பது என் எண்ணம்.

நிலநடுக்கோட்டைக் கடக்கும் நாளில் ‘நெப்டியூன் நாள்’ கொண்டாடுவார்கள். மீனை முத்தமிடுவதும் தலையை மழித்துக்கொள்வதும் உண்டு. திருச்செந்தூரில் மொட்டை போட்ட நமக்கு இரண்டாவது அவ்வளவு புதிதன்று. விருப்பம் இல்லாதவர் ஒதுங்கி நின்று பார்க்கலாம்.

துறைமுகத்தில் நேரத்தைத் தவறவிடாதீர்கள். கப்பல் புறப்படுவதற்கு வெகு முன்பாகவே அனைவரும் ஏறியிருக்க வேண்டிய நேரம் ஒன்று குறிப்பார்கள். சற்றுப் பிந்தினால் அடுத்த துறைமுகத்தில் சில மணி நேரம் இறங்க விடாமல் நிறுத்தி வைப்பார்கள். கப்பலையே தவறவிட்டால் அடுத்த துறைமுகம் வரை சொந்தச் செலவில் போய்ச் சேர வேண்டும். இந்தியப் பாஸ்போர்ட்டுடன் அது இன்னும் கடினம். கடைசி நாளில் தொலைதூரப் பயணம் வேண்டாம். பாஸ்போர்ட் கப்பல் அலுவலகத்திலேயே இருக்கும் நாள்கள் உண்டு. அதன் நகலைச் சட்டைப்பையில் வைத்திருங்கள்.

வீட்டாரிடம் புறப்படுமுன்பே துறைமுகத் தேதிகளின் பட்டியலைக் கொடுத்து, கரையிறங்கும் நாளில் அழைப்பு வரும், இடைப்பட்ட நாள்களில் செய்தி வராவிட்டால் கவலைப்பட வேண்டாம் என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பயணம் கொச்சியைத் தொடுமானால் பெற்றோர் பாலருவி எக்ஸ்பிரஸில் செங்கோட்டை வழியாக எர்ணாகுளம் வந்து சேரலாம். அனுமதிச் சீட்டு இல்லாமல் துறைமுகத்துக்குள் யாரையும் விட மாட்டார்கள். ஆகவே சந்திக்கும் இடத்தை வாயிலுக்கு வெளியே, பெயர் தெரிந்த ஒரு கடையாகக் குறித்துச் சொல்லுங்கள். குடிவரவுச் சோதனை முடிந்து நீங்கள் இறங்கச் சில மணி நேரம் ஆகலாம் என்பதால், காலையிலேயே வந்து வெயிலில் காத்திருக்க வேண்டாம் என்றும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.