கப்பல் நேரமும் கைப்பேசி நேரமும்

பினாங்கு சுவெட்டன்ஹாம் துறையிலிருந்து புக்கெட்டுக்கு அம்மாவுடன் உல்லாசக் கப்பலில் சென்றபோது, கரையிறங்கியதும் என் கைப்பேசி தாய்லாந்து அலைவரிசையைப் பிடித்துத் தானாகவே 1 மணி நேரம் பின்னுக்கு மாறிவிட்டது. கப்பலோ மலேசிய நேரத்திலேயே இயங்கியது. பாத்தோங் கடைத்தெருவில் அம்மா முந்திரிப் பருப்பு வாங்கிக்கொண்டிருக்கையில், அவருடைய பழைய கைக்கடிகாரத்தைத் தற்செயலாகப் பார்த்துப் பதறி ஓடி, கப்பலுக்குத் திரும்பும் கடைசிப் படகைப் பிடித்தோம்.

அன்றிரவே தானியங்கி நேர அமைப்பை நிறுத்திவிட்டு, கப்பலின் வரவேற்பறைக் கடிகாரத்தைப் பார்த்துக் கைப்பேசியில் நேரத்தை நானே அமைத்தேன். நடுக்கடலில் கப்பலின் செயற்கைக்கோள் அலைவரிசையோடு அது தானே இணைந்தால் கட்டணம் எகிறிவிடும் என்பதால், கடலில் இருக்கும்வரை விமானப் பயன்முறையிலேயே வைத்திருந்தேன். இப்போதெல்லாம் புறப்படும் நாளில் அம்மாவின் கடிகாரத்துக்கு நானே சாவி கொடுத்து, கப்பல் நேரத்துக்குச் சரிசெய்து, அவர் கையில் கட்டிவிடுகிறேன்.