படகு எங்கே நிற்கிறது என்று ஏஜென்டுக்குச் சொல்வது எப்படி

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மீன்பிடித் தடைக்காலத்தின் 61 நாளும் பாம்பனில் விசைப்படகுகள் கரையில்தான் கிடக்கும். அண்ணனுக்கும் அவன் கூட்டாளிகளுக்கும் அப்போதுதான் ராத்திரியில் நேரம் கிடைக்கும். அவர்களுக்காக, திரையில் வரைபடம் விரித்துப் பலர் சேர்ந்து ஆட உதவும் ஃபவுண்ட்ரி மென்பொருளில் ஒரு கடல் ஆட்டம் அமைத்தேன். குருசடைத் தீவிலிருந்து தனுஷ்கோடி வரை நானே வரைந்த வரைபடம், ஐந்து படகுகள், நடுவில் ஒரு புயல். ஆட்டத்தை நடத்துவது ஏஐ ஏஜென்ட், அதாவது நாம் சொல்வதைப் புரிந்துகொண்டு தானே வேலை செய்யும் செயற்கை நுண்ணறிவு. படகை நகர்த்த, பகடை உருட்ட, சேதம் கணக்கிட அது அழைக்கக்கூடிய சின்னச் சின்ன நிரல்களை, அதாவது கருவிகளை, எழுதிக் கொடுத்தேன். கோட் இரண்டு நாளில் முடிந்தது. கருவிகளின் விளக்கத்தை ஒழுங்காக எழுதத்தான் ஒரு மாதம் பிடித்தது.

நமக்கு வரைபடம் கண்முன்னே இருக்கிறது, ஏஜென்டுக்கு இல்லை. 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் வெளியிட்ட, ஏஜென்டையும் கருவிகளையும் இணைக்கும் எம்சிபி நெறிமுறை வழியாக இணைத்தால், கருவியை அழைக்கும் முன் அது படிப்பது கருவியின் பெயர், விளக்கம், என்னென்ன உள்ளீடு வேண்டும் என்ற பட்டியல், இவ்வளவுதான். கோடுக்குள் நீங்கள் எழுதி வைத்த குறிப்பு எதுவும் அதன் கண்ணில் படாது.

முதல் நாள் படகை நகர்த்தும் கருவிக்கு என் விளக்கம் இரண்டே சொல்: “டோக்கனை நகர்த்தும்.” வரைபடத்தில் நிற்கும் படகு உருவத்துக்கு ஃபவுண்ட்ரியில் டோக்கன் என்று பெயர். அண்ணன் “நாலு கட்டம் கிழக்கே போ” என்றான். ஏஜென்ட் எக்ஸ் 4, ஒய் 0 என்று அனுப்பியது. கருவி எதிர்பார்த்ததோ பிக்சல், அதாவது திரைப் புள்ளிக் கணக்கு. படகு இடது மேல் மூலைக்குப் போய் ஒட்டிக்கொண்டது. “படகைக் காணோமே” என்று திரை முழுக்கத் தேடினான். இப்போது அந்த விளக்கம் இப்படி இருக்கிறது:

“வரைபடத்தில் ஏற்கெனவே உள்ள டோக்கனை நகர்த்தும். எக்ஸ், ஒய் இரண்டும் பிக்சல். கட்டக் கணக்கு அல்ல. இந்த வரைபடத்தில் ஒரு கட்டம் 100 பிக்சல். இடது மேல் மூலை 0, 0. கிழக்கே போனால் எக்ஸ் கூடும், தெற்கே போனால் ஒய் கூடும். ஆட்டக்காரர் ‘நாலு கட்டம்’ என்றால், முதலில் டோக்கன் நிற்கும் இடத்தைக் கேட்டு வாங்கி, அதோடு 400 கூட்டு. புது டோக்கன் உருவாக்க இதைப் பயன்படுத்தாதே.”

நீளம்தான், ஆனால் எந்த வரியையும் எடுக்க முடியாது. அளவு எந்த அலகில் என்பதை எழுதாமல் விட்டால் மற்றது எவ்வளவு அழகாக இருந்தும் பயனில்லை.

அப்புறம், சொல்லின் பொருள். எங்கள் பக்கம் டோக்கன் என்றால் கடலுக்குப் போக மீன்துறை அலுவலகத்தில் வாங்கும் அனுமதிச் சீட்டு. ஒருவர் “டோக்கன் வாங்கிட்டு வர்றேன்” என்று தட்டியதும் ஏஜென்ட் வரைபடத்தில் ஆறாவது படகை இறக்கிவிட்டது. “இங்கே டோக்கன் என்பது வரைபடத்தில் நிற்கும் உருவம் மட்டும், கடலுக்குப் போகும் அனுமதி பற்றிய பேச்சுக்கு இதை அழைக்காதே” என்று ஒரு வரி சேர்த்தேன். ஒரு கருவியை எப்போது அழைக்கக் கூடாது என்பதையும் எழுதுங்கள். உங்கள் ஆட்டக்காரர்கள் எந்தச் சொல்லை எந்தப் பொருளில் சொல்வார்கள் என்று உங்களைத் தவிர யாருக்கும் தெரியாது.

இதைவிடப் பெரிய குழப்பம் ஆக்டருக்கும் டோக்கனுக்கும் நடுவில் வந்தது. ஆக்டர் என்பது படகின் விவரங்கள் இருக்கும் மூலப் பதிவு. ஃபவுண்ட்ரியில் ‘விசைப்படகு’ என்ற ஆக்டர் ஒன்று. அதிலிருந்து எடுத்து வைத்த டோக்கன்கள் ஐந்து. சேதக் கருவியின் உள்ளீட்டுக்கு வெறுமனே ‘ஐடி’ (அடையாள எண்) என்று பெயர் வைத்திருந்தேன். ஏஜென்ட் ஆக்டரின் ஐடியைக் கொடுத்துவிட்டது. ஒரு படகு பாரில் (கடலடிப் பாறையில்) மோத, ஐந்து படகிலும் ஓட்டை! அன்றைக்கு ஆட்டத்தையே நிறுத்த வேண்டியதாயிற்று. உள்ளீட்டின் பெயரை ‘டோக்கன் ஐடி’ என்று மாற்றினேன். “ஆக்டர் ஐடி கொடுத்தால் எல்லாப் படகும் பாதிக்கப்படலாம்” என்பதையும் விளக்கத்தில் எழுதினேன். பெயரே பாதி விளக்கம்.

பகடைக் கருவிக்கு ஒரு வரி கட்டாயம்: “எண்ணை நீயாகச் சொல்லாதே; இந்தக் கருவி தரும் எண்ணை மட்டும் சொல்.” இல்லாவிட்டால் கருவியை அழைக்காமலே கதை ஓட்டத்தில் “17 விழுந்தது” என்று அதுவே சொல்லிவிடும். மறைத்து வைத்த டோக்கன்களைக் காட்டும் கருவியைத் தனியாகப் பிரித்து, “விடை ஆட்டம் நடத்துபவருக்கு மட்டும்” என்று எழுதிவிடுங்கள்.

பிழைச் செய்தியும் விளக்கத்தின் பகுதிதான். “தவறான இடம்” என்று திருப்பி அனுப்பினால் ஏஜென்ட் அதே இடத்தை மறுபடி மறுபடி அனுப்பும். “அந்தக் கட்டம் தரை, பக்கத்தில் தண்ணீர் உள்ள கட்டங்கள் இவை” என்று எண்களோடு சொன்னால் அடுத்த முறையே சரியாகப் போகும்.

எழுதியதைச் சோதிக்க நான் செய்வது இதுதான். விளக்கத்தைத் தாளில் அச்சடித்து, திரையைக் காட்டாமல் அண்ணனிடம் கொடுப்பேன். “இதை மட்டும் படிச்சுட்டு, படகைத் தெற்கே ரெண்டு கட்டம் நகர்த்த என்ன எண் குடுப்பே, சொல்லு.” போன வாரம் படித்துவிட்டுக் கேட்டான்: “படகு இப்ப எங்க நிக்குதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?” இடத்தைக் கேட்டு வாங்கச் சொல்லியிருந்தேனே தவிர, எந்தக் கருவியிடம் கேட்பது என்று பெயர் எழுதவில்லை. அந்தப் பெயரைச் சேர்த்து, பழைய உரையாடல் எதுவும் இல்லாத புது ஏஜென்டிடம் அதே கட்டளையைக் கொடுத்தேன். முதலில் இடத்தைக் கேட்டது, ஒய்யோடு 200 கூட்டியது, படகு சரியான கட்டத்தில் போய் நின்றது.