ஏஞ்சல் மீன் முட்டைக்கு ஒரு பிவிசி குழாய்த் துண்டு

ஏஞ்சல் மீன் ஜோடி ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு மற்ற மீன்களை விரட்ட ஆரம்பித்ததும், அங்கே ஒரு பிவிசி குழாய்த் துண்டைச் சாய்த்து வைத்துவிடுங்கள். பிளம்பரிடம் மிஞ்சிய துண்டே போதும், நன்றாகக் கழுவிக்கொள்ளுங்கள்.

நிமிர்ந்து நிற்கும் வழவழப்பான பரப்பைத்தான் ஏஞ்சல் தேடும். குழாய் இல்லையென்றால் தொட்டிக் கண்ணாடியிலேயே முட்டைகளை ஒட்டிவிடும், எடுக்க முடியாது. இளம் ஜோடிகள் முதல் சில தடவை முட்டைகளைப் பெரும்பாலும் தின்றுவிடும். அதற்குள் குழாயோடு தூக்கி, அதே தொட்டித் தண்ணீர் நிரப்பிய சின்னத் தொட்டிக்கு மாற்றிவிடலாம். பெற்றோர் துடுப்பால் விசிறும் வேலையை ஏர் ஸ்டோன் (காற்றுக் குமிழி விடும் கல்) செய்யும். குமிழிகள் முட்டைமேல் மோதாமல், பக்கத்தில் ஏறிப்போகட்டும். தண்ணீர் வெளிர்நீலமாகும் அளவு மெத்திலீன் புளூ என்ற நீலச் சாய மருந்தை விட்டால் பூஞ்சை கட்டுப்படும். வெள்ளையாகிப்போன முட்டைகள் தேறாது. 27, 28 டிகிரியில் இரண்டு மூன்று நாளில் பொரித்துவிடும். குஞ்சுகள் நீந்தும்வரை தீனி போடாதீர்கள், மஞ்சள்கருவே அவற்றுக்கு உணவு. அப்புறம் புதிதாகப் பொரித்த ஆர்ட்டீமியா, அதாவது நுண்ணிய உப்புநீர் இறால் குஞ்சுகள்.

டிஸ்கஸ் என்ற இன்னொரு தொட்டி மீனுக்கு இது சரிவராது. அதன் குஞ்சுகள் முதல் நாட்களில் பெற்றோரின் தோலில் ஊறும் சளியைத் தின்றே வளரும். பிரித்தால் காப்பாற்றுவது மிகக் கடினம். முட்டைகளை வாயிலேயே வைத்து அடைகாக்கும் ஆப்பிரிக்காவின் மலாவி ஏரிச் சிச்லிட் வகை மீன்களுக்குக் குழாயே வேண்டாம். ஏஞ்சலிலும் முட்டையை ஒழுங்காகக் காக்கும் ஜோடி அமைந்துவிட்டால் தயவுசெய்து பிரிக்காதீர்கள். குஞ்சுக் கூட்டத்தை இரண்டும் சேர்ந்து மேய்த்துப் போவது அவ்வளவு அழகு.