கல்லில் போட்ட அம்புக்குறி: படிவுப் பாறைக்குக் காந்தத்தை வைத்து வயது பார்ப்பது

சேலத்தில் உட்கார்ந்துகொண்டு இதை எழுதுகிறேன் என்றால் எங்கள் ஊர் ஆட்களே சிரிப்பார்கள். சேர்வராயன் மலையில் எங்கே தட்டினாலும் சார்னோகைட் என்ற கெட்டிப் பாறைதான். சுமார் 250 கோடி வருஷப் பழசு, தண்ணீர் கொண்டுவந்து படிய வைத்த அடுக்கே கிடையாது. அடுக்கு வேண்டுமானால் ஆத்தூர் வழியாகப் பெரம்பலூருக்கு பஸ் ஏறி, காரை என்ற ஊர்ப் பக்கத்துச் செம்மண் ஓடைகளில் இறங்க வேண்டும். நானும் அப்படித்தான் இறங்கினேன். இறங்கி, மொத்தமும் தலைகீழாகப் படித்துவிட்டு வந்தேன். அந்தக் கதை கீழே வரும்.

விஷயம் சுருக்கமாக: சேறு தண்ணீருக்கடியில் படியும்போது அதிலுள்ள மேக்னடைட் (காந்த இரும்புத்தாது) துகள்கள் அன்றைய காந்தப்புலத்தின் பக்கம் திரும்பி, மேலே மண் அமுக்க அமுக்க அப்படியே பூட்டிக்கொள்ளும். பூமியின் காந்தப்புலமோ அவ்வப்போது வடக்கு தெற்கு மாறிவிடும். கடைசியாக மாறியது சுமார் 7,73,000 வருஷம் முன்பு. இன்று இருக்கும் திசையை ‘நார்மல்’ என்கிறோம், எதிர்த்திசையை ‘ரிவர்ஸ்’. அடுக்கடுக்காக எது எது என்று, நார்மலுக்குக் கறுப்பு, ரிவர்ஸுக்கு வெள்ளை என்று குறித்துக்கொண்டு போனால் கறுப்பு வெள்ளைப் பட்டை ஒன்று கிடைக்கும். அதை ஏற்கெனவே வயது தெரிந்த உலகப் பட்டையோடு பொருத்தினால் பாறையின் வயது.

மாதிரி எடுப்பது

கெட்டிப் பாறை என்றால் 2.5 செ.மீ. விட்டமுள்ள துளைக்கருவி, தண்ணீர் ஊற்றிக்கொண்டே. காரை மாதிரி மெத்தென்ற களிக்கல் என்றால் பித்தளைக் கத்தியால் செதுக்கி 2 செ.மீ. பிளாஸ்டிக் டப்பாவில் அழுத்திவிடலாம். இரும்பு உளி வேண்டாம். ஒரு மட்டத்துக்குக் குறைந்தது மூன்று மாதிரி. வழியில் அம்மோனைட் (சுருள் ஓட்டுப் புதைபடிவம்) கண்ணில் பட்டால் பையில் போட்டுக்கொள்ளாமல் எந்த அடுக்கில் கிடந்தது என்று நோட்டில் எழுதுங்கள். பின்னால் உங்களைக் காப்பாற்றப் போவது அதுதான்.

அம்புக்குறி

கல்லைப் பெயர்க்கும் முன்பே அதன்மேல் வடக்கு எது, மேல் எது என்று குறிக்க வேண்டும். அடுக்கின் ஸ்ட்ரைக் (அது ஓடும் திசை), டிப் (அது சாயும் கோணம்) இரண்டையும் பக்கத்திலேயே எழுத வேண்டும். இதில் தப்பினால் ஆய்வகத்தில் கோடி ரூபாய் மெஷின் இருந்தும் பிரயோஜனம் இல்லை.

பழகிப் பார்க்கலாம் என்று நான் முதலில் காம்பஸோடு போனது கஞ்சமலைக்கு. பெரிய புத்திசாலித்தனம்! மலையே மேக்னடைட் இரும்புத்தாது. பத்தடி நகர்ந்தால் முள் வேறு பக்கம் காட்டுகிறது. முதலில் காம்பஸ் கெட்டுவிட்டது என்று நினைத்துத் தட்டிக்கூடப் பார்த்தேன். அப்படிப்பட்ட இடத்தில் சூரிய காம்பஸ்தான் வழி. ஒரு குச்சியை நிறுத்தி, நிழல் விழும் கோணத்தையும் நேரத்தையும் எழுதிக்கொண்டால் வடக்கைக் கணக்குப் போட்டு எடுத்துவிடலாம். காரைக் களிக்கல்லில் காந்தம் மிகச் சன்னம், அங்கே சாதாரண காம்பஸே போதும். செல்போனும் சுத்தியலும் மட்டும் பக்கத்தில் இருக்கக் கூடாது.

அழுக்கு நீக்குவது

பாறையில் பழைய காந்தத்தின் மேல் புதுக் காந்தம் படிந்திருக்கும். அதைப் படிப்படியாகச் சூடேற்றியோ மாறுதிசைப் புலம் காட்டியோ கழற்ற வேண்டும். ஒவ்வொரு படியிலும் மறுபடி அளக்க வேண்டும். மேக்னடைட் 580 டிகிரி வரை தாங்கும், ஹேமடைட் 680 வரை. ஆனால் களிக்கல்லை அவ்வளவு தூரம் சூடாக்காதீர்கள். உள்ளேயிருக்கும் பைரைட் (இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம்) 400 டிகிரிக்கு மேல் போனால் புது மேக்னடைட்டாக மாறி எல்லாவற்றையும் கெடுக்கும். என் வழி: 150 வரை சூடு, கோயதைட் (துருவிலிருக்கும் இரும்புக் கனிமம்) தாங்கும் காந்தம் ஒழிந்துவிடும். அதற்கப்புறம் மாறுதிசைப் புலம். முதலில் கழல்வது பெரும்பாலும் வடக்கு பார்த்துக் கிட்டத்தட்டப் படுத்துக் கிடக்கும் அம்பு (இனி அம்பு என்றால் கல்லில் நாம் போட்ட குறி அல்ல, அளந்த காந்தத்தின் திசை). அது பழைய காந்தம் இல்லை, இன்றையது. காந்த நடுக்கோடு நம் தென்கோடியை ஒட்டிப் போவதால் இங்கே முள் அதிகம் சாயாது.

காந்தம் படிப்படியாக எப்படிக் கழல்கிறது என்று காட்டும் சைடர்வெல்ட் வரைபடம் போட பலரும் பிமேக்-பை என்ற மென்பொருளைச் சொல்வார்கள். நல்லதுதான், ஆனால் பைதான் தெரியாதவருக்கு அதை நிறுவுவதிலேயே ஒரு வாரம் போகும். ஆரம்பத்துக்கு உலாவியிலேயே ஓடும் பேலியோமேக்னட்டிசம்.ஆர்க் போதும்.

நான் கவிழ்ந்த இடம்

அம்பு கீழ்நோக்கினால் கூட்டல், மேல்நோக்கினால் கழித்தல். நாம் வட அரைக்கோளம், ஆகவே கூட்டல் என்றால் நார்மல், கழித்தல் என்றால் ரிவர்ஸ். இப்படித்தான் நான் படித்தேன். காரை மாதிரிகள் எல்லாமே கழித்தல். ‘மொத்தமும் ரிவர்ஸ்’ என்று பட்டையை வெள்ளையடித்துவிட்டு, மாற்றமே இல்லையே என்று இரண்டு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டேன்.

அந்தச் சேறு படிந்த காலத்தில் இந்தியா தென் அரைக்கோளத்தில் அல்லவா இருந்தது! அங்கே நார்மல் புலம் மேல்நோக்கித்தான் வரும். சரிவை (அம்பு மேலோ கீழோ சாயும் கோணம்) மட்டும் பார்க்காமல் திசையையும் பார்த்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும். என் அம்புகள் வடமேற்கு பார்த்தன, தெற்கு அல்ல. தக்காண எரிமலைப் பாறைகளை ஒப்பிட்டுப் பாருங்கள். 6.6 கோடி வருஷம் பழைய அவற்றில் பெரும்பகுதி ரிவர்ஸ், ஆனால் அம்பு தென்கிழக்கே கீழ்நோக்கும். அன்றைய அட்சரேகையை அறிய ஒரு சூத்திரம் உண்டு: சரிவின் டேன் = 2 × அட்சரேகையின் டேன். சரிவு 45 டிகிரி என்றால் அட்சரேகை 26.6. (சேறு அமுங்கும்போது அம்பும் கொஞ்சம் படுத்துவிடும், அதனால் இது குறைவாகவே காட்டும்.)

அப்படியானால் எல்லாம் நார்மல். மாற்றம் ஏன் இல்லை? சுமார் 12.1 கோடியிலிருந்து 8.3 கோடி வருஷம் முன்பு வரை புலம் திரும்பவே இல்லை, ஏறக்குறைய நான்கு கோடி வருஷம் ஒரே நிறம். காரை அடுக்கு சரியாக அதற்குள் மாட்டுகிறது. வயது பார்க்க நான் தேர்ந்தெடுத்த இடம் அப்படி. மாற்றம் பார்க்க வேண்டுமென்றால் அதற்கு மேலே கிடக்கும் அரியலூர் அடுக்குகளுக்குப் போக வேண்டும்.

பட்டையைப் பொருத்துவது

பட்டை தனியாக வயது சொல்லாது. கறுப்பு, வெள்ளை, கறுப்பு என்பது எந்தக் காலத்துக்கும் பொருந்தும். பட்டையை ஒரு காலத்தில் கட்டி நிறுத்த ஒரு முளை வேண்டும்: புதைபடிவமோ, எரிமலைச் சாம்பலோ. திருவள்ளூர் மாவட்டத்து அத்திரம்பாக்கத்தில் கற்கருவி கிடைத்த களிமண் அடுக்குகள் ரிவர்ஸாக இருந்தன. அதனோடு காஸ்மிக் கதிர் பட்ட தடயத்தை அளக்கும் முறையும் சேர்ந்ததால்தான் 2011இல் சுமார் 15 லட்சம் வருஷம் என்று சொல்ல முடிந்தது.

முளை கிடைத்துவிட்டால் மிச்சம் பள்ளிக்கூடக் கணக்கு. 7,73,000 வருஷ எல்லைக்கும் அடுத்த 9,90,000 வருஷ எல்லைக்கும் இடையே 6.5 மீட்டர் அடுக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆயிரம் வருஷத்துக்கு 3 செ.மீ. சேறு. நடுவில் உள்ள எந்த அடுக்குக்கும் வயது போட்டுவிடலாம், இடையில் அரிப்பு ஏதும் இல்லையென்றால்.

பிறகு சேர்த்தது: சூரிய காம்பஸில் நிழலே விழவில்லை என்று ஒரு தம்பி எழுதியிருந்தார். ஏப்ரல் 20 வாக்கில், உச்சிப் பொழுதில் போயிருக்கிறார்! சேலத்தின் அட்சரேகை 11.7 டிகிரி. ஏப்ரல் மூன்றாம் வாரமும் ஆகஸ்ட் 23 ஒட்டியும் சூரியன் நேர் உச்சிக்கு வந்துவிடும், குச்சியின் நிழல் குச்சிக்கடியிலேயே ஒளிந்துகொள்ளும். காலை பத்து மணிக்குள் அளந்துவிடுங்கள் தம்பி, இல்லையென்றால் மூன்று மணிக்கு மேல்.