அரசு ஆஸ்பத்திரிக்கு உதவப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் அரசு மருத்துவமனைகளில் தரம் உயர்த்தும் வேலைக்கு இப்போது நிறையப் பிள்ளைகள் வருகிறார்கள். மருத்துவமனை நிர்வாகம் படித்தவர்கள், நர்சிங் முடித்தவர்கள், தொண்டு நிறுவனங்களிலிருந்து வருபவர்கள். ஆர்வத்துக்குக் குறைவே இல்லை. ஆனால் நாங்கள் தொடங்கிய காலத்தில் என்னென்ன செய்து காரியத்தைக் கெடுத்தோமோ, அதையே இவர்களும் வரிசையாகச் செய்கிறார்கள். பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

அனுமதிக் கடிதம் வாங்குங்கள், நேரத்துக்குப் போங்கள், மரியாதையாகப் பேசுங்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

முதல் நாளே குறைப் பட்டியல் வாசிப்பது

தாலுகா மருத்துவமனையின் காலை ஓ.பி.யைப் பார்த்திருப்பீர்கள். வரிசை வராண்டாவைத் தாண்டி வேப்பமரம் வரை நிற்கும். அந்த நேரத்தில் டேப்லெட்டை நீட்டி, "சார், இங்கே அது இல்லை, இது இல்லை" என்று ஆரம்பித்தால் யாருக்குத்தான் கேட்கத் தோன்றும்? இல்லாதது எது என்று உங்களைவிட அவர்களுக்கு நன்றாகவே தெரியும்.

முதலில் அவர்களுக்கு எது தொல்லை என்று கேளுங்கள். ஒரு ஹெட் நர்ஸ் சொன்னார்: "மத்தியானத்துக்கு மேல குழாய்ல தண்ணி வராது. நீங்க கை கழுவுற போஸ்டர் ஒட்டிட்டுப் போறீங்க." அந்த மோட்டாருக்காகப் பொதுப்பணித் துறை அலுவலகத்துக்கு நடையாக நடந்தோம். தண்ணீர் வந்தது. அதற்கப்புறம்தான் அந்த அம்மா எங்களிடம் மனம்விட்டுப் பேச ஆரம்பித்தார்.

கட்டம் நிரம்பினால் வேலை நடந்துவிட்டது என்று நம்புவது

அதிகம் சொல்ல வேண்டியது இதைப் பற்றித்தான். இன்றைக்கும் எனக்குக் கோபம் வரவைக்கும் தவறு இது.

குழந்தை பிறந்த ஒரு நிமிடத்துக்குள் தாய்க்கு ஆக்சிடோசின் 10 யூனிட் போட வேண்டும். கர்ப்பப்பையைச் சுருங்க வைத்து ரத்தப்போக்கைத் தடுக்கும் மருந்து அது. 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்திருக்க வேண்டும். சூட்டில் கிடந்தால் வீரியம் குறையும். ஆம்பூலைக் கையில் எடுத்துப் பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது. அதனால்தான் லேபர் வார்டு ஃப்ரிட்ஜில் தெர்மாமீட்டர் வைத்து, காலையும் மாலையும் பார்த்து எழுதச் சொல்கிறார்கள்.

ஒரு தாலுகா மருத்துவமனை. எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவர் அங்கே போய் அந்தச் சார்ட்டைப் பார்த்திருக்கிறார். பாதிக் கட்டம் காலி. தர மதிப்பீட்டில் அதற்கான மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டு, "சிஸ்டர், ஒரு கட்டமும் காலியா இருக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். அடுத்த மாதம் ஒரு கட்டம்கூடக் காலி இல்லை. மதிப்பெண் ஏறியது, அறிக்கையில் அந்த வரி பச்சைக்கு மாறியது, எல்லோருக்கும் சந்தோஷம்.

அக்னி நட்சத்திரத்தின்போது நான் அங்கே போனேன். சார்ட்டில் மாதம் முழுக்க 4, 4, 4, 4. ஒரே பேனா, ஒரே கையெழுத்து. அப்போது காலை பதினொரு மணி இருக்கும். அன்றைய சாயங்காலக் கட்டத்திலும் 4 என்று எழுதியிருந்தது. ஃப்ரிட்ஜைத் திறந்தேன். உள்ளே விளக்கு எரியவில்லை. பின்னால் பிளக் பாதி கழன்று நின்றது. தெர்மாமீட்டர் 31 காட்டியது. இரண்டு தண்ணீர் பாட்டில், ஒரு டிபன் டப்பா, பக்கத்திலேயே ஆக்சிடோசின் பெட்டி.

அந்த வாரம்தான் அங்கே பிரசவமான ஒரு பெண்ணுக்கு ரத்தம் நிற்காமல், 108-இல் ஏற்றிப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பியிருந்தார்கள். பிழைத்துக்கொண்டார். மருந்து கெட்டதால்தான் அப்படி ஆனது என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது, ரத்தப்போக்குக்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால் அந்தப் பெட்டியிலிருந்து எடுத்த ஊசியைத்தான் அவருக்கும் போட்டிருந்தார்கள்.

சிஸ்டர் மேல் எனக்குக் கோபமில்லை. மூன்று பேர் வலியோடு படுத்திருக்கும் வார்டில் அவர் ஒரே ஆள். நிரப்பச் சொன்னார்கள், நிரப்பினார். சொல்லிவிட்டு வந்தவர்கள் மேல்தான் கோபம். கட்டம் காலியாகக் கிடந்தவரை அங்கே ஏதோ சரியில்லை என்று பார்க்கிறவர்களுக்குத் தெரிந்தது. உதவப் போன நாம் அந்த ஒரு அடையாளத்தையும் அழித்துவிட்டு வந்தோம்.

அரசு மருத்துவமனைகளின் தரத்தை மதிப்பிட 2013-இல் வந்த தேசிய தர உறுதித் தரநிலைகளின் செக்லிஸ்ட்டை எடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு கேள்விக்கும் எதிரே, அதை எப்படிச் சரிபார்க்க வேண்டும் என்றும் போட்டிருக்கும். நேரில் பார்ப்பது, ஊழியரிடம் கேட்பது, பதிவேட்டைப் பார்ப்பது, நோயாளியிடம் கேட்பது என்று நாலு வழி. புதிதாக வருகிறவர்கள் பதிவேட்டை மட்டும் பிடித்துக்கொள்கிறார்கள். ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்த இடத்திலேயே முடிந்துவிடுகிறதே!

காலிக் கட்டத்தைப் பார்த்தால் ஏன் காலி என்று கேளுங்கள். அங்கே கேட்டபோது பதில் எளிதாகவே கிடைத்தது. சார்ட் சிஸ்டர் ரூமில் தொங்கியது, ஃப்ரிட்ஜ் லேபர் வார்டின் கடைசி மூலையில் இருந்தது. சூடு ஏறினால் யாரிடம் சொல்வது என்று யாருக்கும் தெரியவில்லை. சார்ட்டை ஃப்ரிட்ஜ் கதவிலேயே மாட்டி, பேனாவை நூலில் கட்டினோம். டியூட்டி மாறும்போது போகிறவரும் வருகிறவரும் சேர்ந்து பார்த்து எழுதுவது என்று வைத்தோம். 8-க்கு மேல் போனால் கூப்பிட வேண்டிய பார்மசிஸ்ட் நம்பரைக் கீழே எழுதினோம். சாப்பாட்டு டப்பாவுக்கு வேறு இடம் பார்த்தாயிற்று. அப்புறம் வந்த சார்ட்டில் 3, 5, 7, 6 என்று இருந்தது. நடுவில் ஒரு 11. அதற்குப் பக்கத்தில், "கரண்ட் இல்லை, மருந்தை பார்மசிக்கு மாற்றியாச்சு" என்று சின்ன எழுத்தில் ஒரு வரி. அந்த வரியைப் படித்தபோது எனக்கு வந்த நிம்மதி, அறிக்கையில் பச்சையைப் பார்த்து ஒருநாளும் வந்ததில்லை.

பிரசவ வலி எப்படி முன்னேறுகிறது என்று நேரத்துக்கு நேரம் புள்ளி வைத்துக் கோடு போடும் பார்ட்டோகிராஃப் தாளும் இப்படித்தான். எல்லா கேஸ் ஷீட்டிலும் கர்ப்பப்பை வாய் மணிக்கு ஒரு சென்டிமீட்டர் விரிந்தது என்று ரூல் போட்டது மாதிரி கோடு ஏறினால், அது பிரசவம் முடிந்தபிறகு உட்கார்ந்து வரைந்தது. ரெக்கார்ட் ரூமில் போய்த் தேடாதீர்கள். இப்போது வலியோடு இருக்கும் பெண்ணின் கட்டில் பக்கத்தில் அந்தத் தாள் இருக்கிறதா, கடைசிப் புள்ளியை எத்தனை மணிக்கு வைத்தார்கள் என்று பாருங்கள். கைச் சுத்தத்தைச் சரிபார்க்க, வார்டு பொருள் கேட்டு எழுதும் ஸ்டோரின் இண்டென்ட் புத்தகம் போதும். மாதக் கணக்கில் அந்த வார்டு கையில் தேய்க்கும் கிருமிநாசினி (ஹேண்ட் ரப்) புது பாட்டில் கேட்கவே இல்லையென்றால், சுவரில் ஒட்டிய மதிப்பெண்ணை நம்பாதீர்கள்.

பகலில் மட்டும் போவது

டியூட்டி டாக்டர் எங்கே, ஆக்சிஜன் சிலிண்டரைத் திறக்கும் சாவி யாரிடம், ரத்தம் வேண்டுமென்றால் யாருக்குப் போன் போடுவது? பகலில் இந்த மூன்றுக்கும் பதில் கிடைக்கும். ராத்திரி இரண்டு மணிக்குப் போய்க் கேளுங்கள். துப்புரவு வேலை பார்க்கும் அக்காமாரும் வாட்ச்மேன் அண்ணனும் அந்த நேரத்தில்தான் உங்களோடு உட்கார்ந்து பேச நேரம் வைத்திருப்பார்கள். எந்தக் கதவு பூட்டியே கிடக்கிறது, ஸ்ட்ரெச்சர் எந்த வாசல்படியில் இடிக்கிறது என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும்.

நோயாளியிடம் "குறை ஏதும் இருக்கா?" என்று கேட்பது

"நல்லாப் பாத்துக்கிறாக" என்றுதான் பதில் வரும். அங்கேயே படுத்திருக்கிறவர் வேறென்ன சொல்வார்? "ராத்திரி யாரு வந்து பாத்தாக? இந்த மாத்திரை எதுக்குன்னு சொன்னாகளா? பால் குடுக்க யாரு சொல்லித் தந்தா?" என்று நடந்ததைக் கேளுங்கள். கூட இருக்கும் அம்மாவிடமும் மாமியாரிடமும் கேளுங்கள்.

மெஷின் வாங்கிக் கொடுப்பது

நல்ல மனசோடுதான் கொடுக்கிறார்கள். அரசு மருத்துவமனைகளுக்கான மருந்தும் கருவியும் பெரும்பாலும் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் வழியாக வருகின்றன. 1994-இல் தொடங்கிய ஏற்பாடு அது. நன்கொடையாக வரும் மெஷின் அந்த வழிக்கு வெளியே நிற்கிறது. அதற்கான ரீஏஜென்ட்டை (பரிசோதனை ரசாயனத்தை) யார் வாங்குவது, பழுதானால் யார் வருவது, யார் இயக்குவது என்று முதலிலேயே எழுதி முடிவு செய்யாவிட்டால், சில மாதத்தில் உறை போட்டு மூடிவிடுவார்கள். திறப்பு விழா போட்டோ மட்டும் மிஞ்சும். ஏற்கெனவே இருக்கும் பேபி வார்மரில் எத்தனை ஓடுகிறது என்று எண்ணிப் பார்த்துவிட்டுப் பணம் திரட்டுங்கள்.

அரவிந்த் கண் ஆஸ்பத்திரியை அப்படியே காப்பியடிக்கச் சொல்வது

மதுரையில் இந்த ஆசை எல்லோருக்கும் வரும். அரசு மருத்துவக் கல்லூரியில் கண் பிரிவுத் தலைவராக இருந்து ஓய்வு பெற்ற டாக்டர் கோவிந்தப்பா வெங்கடசாமி, 1976-இல் 11 படுக்கையோடு தொடங்கிய ஆஸ்பத்திரி இன்றைக்கு எங்கே நிற்கிறது என்று பார்த்தால் யாருக்கும் மலைப்பாகத்தான் இருக்கும். ஆனால் அங்கே பெரும்பாலும் முன்கூட்டியே தேதி குறித்த கண் அறுவை சிகிச்சை. தாலுகா மருத்துவமனைக்கோ அடுத்து பாம்புக்கடி வருமா, பைக் விபத்து வருமா, பிரசவ வலி வருமா என்று தெரியாது. வேகத்தைக் காப்பியடிக்க முடியாது.

எடுத்துக்கொள்ள வேண்டியது வேறு ஒன்று இருக்கிறது. மற்ற கண் ஆஸ்பத்திரிகளுக்கு உதவ 1992-இல் அரவிந்த் தொடங்கிய லைக்கோ நிறுவனம் எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். முதலில் அந்த ஆஸ்பத்திரிக்கே போய்ப் பார்க்கிறார்கள். பிறகு அங்கிருந்து டாக்டர், நர்ஸ், நிர்வாகி எல்லோரையும் குழுவாக மதுரைக்கு வரவழைத்து, திட்டத்தை அவர்களையே உட்கார்ந்து போடச் சொல்கிறார்கள். அப்புறமும் தொடர்ந்து போய்ப் பார்க்கிறார்கள். ஹெட் நர்ஸ் கையால் எழுதிய அரைப் பக்கத் திட்டம், நீங்கள் அச்சடித்துக் கொடுக்கும் நாற்பது பக்க அறிக்கையைவிட நிச்சயம் நீண்ட நாள் உயிரோடிருக்கும்.

வார்டில் படம் எடுப்பது

நோயாளி முகம் தெரியும் படம் உங்கள் போனில் இருக்கவே கூடாது.

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் தொடங்குவது

தூய்மைக்கான காயகல்ப், பிரசவ அறைத் தரத்துக்கான லக்‌ஷ்யா, தேசியத் தரச் சான்று மூன்றையும் ஒன்றாக இழுத்துப் போட்டுக்கொள்ளாதீர்கள். ஒரு வார்டு, ஒரு பிரச்சினை.

சான்றிதழ் வந்ததும் கிளம்பிவிடுவது

தேசியச் சான்று மூன்று வருடத்துக்குச் செல்லும். அதற்குள் இடமாறுதல் கலந்தாய்வில் ஹெட் நர்ஸ் மாறுவார், தலைமை மருத்துவர் மாறுவார், ஒப்பந்தப் பணியாளர்கள் பாதிப் பேர் புதிதாக இருப்பார்கள். எந்த மாற்றத்தையும் ஒரே ஆளின் தோளில் ஏற்றிவிட்டு வராதீர்கள். ஒவ்வொரு டியூட்டியிலும் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும். கிளம்பி வந்தபிறகும் மூன்றாவது மாதமும் ஆறாவது மாதமும் சொல்லாமல் போய் நில்லுங்கள். புதிதாக வந்த சிஸ்டர் யாராவது நீங்கள் விட்டுவந்த வேலையைச் செய்துகொண்டிருந்தால், யார் சொல்லித் தந்தது என்று கேளுங்கள். முன்பு இருந்த சிஸ்டர்தான் என்று சொன்னால், அடுத்த ஆஸ்பத்திரியைப் பார்க்கப் போகலாம். உங்கள் பெயரைச் சொன்னால் இன்னும் கொஞ்ச காலம் அங்கே வேலை இருக்கிறது.